செக்ரட்டரி அம்மாவின் ஒருபக்கத் தாள்கள்

அன்புள்ள பிரபு,

இந்த உறைக்குள் கடிதத்தோடு ஒரு படிவமும் இருக்கிறது. அதை முதலில் பிரிக்காதே. இதைப் படித்து முடித்துவிட்டுப் பார். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நாம் இரண்டு பேரும் பேசும் லட்சணம் உனக்கே தெரியும். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மாத்திரை, போட்டுக்கிட்டேன், சரி வச்சிடறேன். இதற்கு மேல் நம் பேச்சு போவதில்லை. போன மாதம் அதையும் மீறி அம்மாவின் காகிதங்களைப் பற்றிப் பேச்செடுத்தேன். "மத்ததெல்லாம் என்ன வேணா பண்ணுங்கப்பா. அந்த ஒரு ஃபைலை மட்டும் யார் கைக்கும் குடுக்காதீங்க" என்றாய். நானும் சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு உனக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கொடுக்கவில்லை. உன் கையெழுத்து இல்லாமல் அது நடக்கவும் நடக்காது. அதனால்தான் பெங்களூருக்குத் தபால் செலவு செய்கிறேன்.

அம்மாவின் கருமாதி முடிந்து நீ கிளம்பிய பிறகு, ஆவடிப் பக்கத்தில் ஒரு கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நஸ்ரின் என்று பெயர், பூந்தமல்லியில் வீடு. இந்த வட்டாரத்து ஊர்களின் பழைய காகிதங்களைச் சேகரித்துப் பாதுகாக்க அங்கே ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்களாம். மூடிப்போன கம்பெனிகளின் தொழிற்சங்க நோட்டீஸ், கோயில் கமிட்டி ரசீது, தர்கா சந்தனக்கூடு அழைப்பிதழ், யாரோ ஒரு டீச்சரின் டைரி, இப்படி. அம்மாவைப் பற்றி நம் நகரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நகர் நலச்சங்கத்துக்கு அவ்ளோ வருஷம் செக்ரட்டரியா இருந்தாங்கன்னா பேப்பர் நிறைய வச்சிருப்பாங்களே சார்" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அந்த மாதத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். காகிதம் அடைத்துக் கிடந்த லாஃப்டைக் காட்டினேன்.

உனக்கு நினைவிருக்கும். நாம் திருமுல்லைவாயிலில் இந்த மனையை வாங்கி வந்தபோது தெருவில் ஒரு விளக்கு கிடையாது. மழை பெய்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் ஷிஃப்டாக மாறிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்த உன் அம்மாதான் தெரு தெருவாகப் போய் ஆளைச் சேர்த்து, சங்கத்தைப் பதிவு செய்து, "நீயே செக்ரட்டரியா இரும்மா" என்று எல்லாரும் தலையில் கட்டியதை இறக்கி வைக்காமல் கடைசிவரை சுமந்தவள். விளக்குக்கு மனு, தண்ணீருக்கு மனு, பஸ்ஸுக்கு மனு. மனு எழுதாத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது என்று நான் கேலி செய்வேன். "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நீங்க ஷிஃப்ட்டுக்குப் போங்க" என்பாள்.

காகிதத்தில் அவளுக்கு இருந்த கஞ்சத்தனம் வேறு எதிலும் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாளைக் குப்பையில் போட்டால் லட்சுமி கோபித்துக்கொள்வாள் என்று அவளாகவே ஒரு சாஸ்திரம் உண்டாக்கி வைத்திருந்தாள். சங்க நோட்டீஸின் பின்பக்கத்தில் சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் எவ்வளவு, தனியா எவ்வளவு. கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தவர்களின் கையெழுத்துக்குப் பின்னால் உன் அல்ஜிப்ரா. மனுவின் ஆபீஸ் காப்பிக்குப் பின்னால் மார்கழிக் கோலம், புள்ளிக் கணக்கோடு. நான் பிராவிடண்ட் ஃபண்ட் கடிதத்தைத் தேடியபோது அதன் முதுகில் வண்ணான் கணக்கு இருந்ததும், நான் கத்தியதும், அவள் "கணக்கு சரியா இருக்கான்னு பாருங்க" என்று சொன்னதும் உனக்கு மறந்திருக்காது.

அதில்தான் நான் ஒரு காரியம் செய்து கெடுத்தேன். நஸ்ரின் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். வருகிற பிள்ளை இந்தக் குப்பையைப் பார்த்து என்ன நினைக்குமோ என்று வெட்கப்பட்டு, நானே உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். சங்கக் காகிதம் ஒரு பக்கம், வீட்டுக் காகிதம் ஒரு பக்கம். எந்தப் பக்கத்தை வைத்துப் பிரிப்பது என்று எனக்கே புரியவில்லை. இருந்தாலும் விடாமல் செய்தேன். அம்மா கட்டியிருந்த டேக்குகளை அவிழ்த்து, துருப்பிடித்த பின்களைப் பிடுங்கி, தேதிவாரியாக அடுக்கி, புது ஃபைல் வாங்கி, எல்லாவற்றையும் அழகு பண்ணி வைத்தேன். தனியாக இருக்கிற கிழவனுக்கு ஒரு வாரம் நல்ல பொழுதுபோக்கு. நஸ்ரின் வந்தாள், பார்த்தாள், முகம் விழுந்துவிட்டது. "ஏன் சார் பிரிச்சீங்க? அவங்க எதை எதோட வச்சிருந்தாங்களோ அப்படியேதான் சார் எங்களுக்கு வேணும். அதுலதான் அவங்க இருக்காங்க" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் போன பிறகு அந்தப் புது ஃபைல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறந்துபோன பெண்டாட்டியின் ஜடையை அவிழ்த்து நான் என் இஷ்டத்துக்கு வாரிவிட்டது போல இருந்தது.

நல்லவேளையாக அம்மா டேக் கட்டிய துளைகளும் பின் குத்திய துரு அடையாளமும் தாளிலேயே இருந்தன. அதை வைத்து எது எதோடு இருந்தது என்று மறுபடி சேர்த்துவிடலாம் என்றாள் நஸ்ரின். வாரம் இரண்டு நாள் காகிதங்களைச் சுமந்துகொண்டு கல்லூரிக்குப் போய் அவளோடு உட்கார்ந்தேன். துருவுக்குத் துரு, துளைக்குத் துளை. அப்படிச் சேர்த்துக்கொண்டு வரும்போதுதான் அவள் ஒரு கட்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். "சார், இதுல ஒவ்வொரு மனுவுக்குக் கீழயும் 'இணைப்பு: இறப்புச் சான்றிதழ் நகல்'னு எழுதியிருக்காங்க. பின் குத்தின அடையாளமும் இருக்கு. அந்த நகலெல்லாம் எங்க சார்?"

அதை நான் வீட்டுக் குவியலில் போட்டிருந்தேன், பிரபு. அது சங்கத்துக் காகிதம் என்று எனக்குத் தோன்றவில்லை. அது வித்யா.

உன் தங்கையைப் பற்றி நாம் பேசுவதில்லை. இப்போது எழுதித்தான் ஆக வேண்டும். நம் தெருக்கோடியில் அந்த மழைநீர்க் கால்வாய் அப்போது வாய் திறந்து கிடந்தது. மூடியும் இல்லை, கைப்பிடிச் சுவரும் இல்லை. அதற்கு மூடி போடச் சொல்லி உன் அம்மா முதல் மனுவைக் கொடுத்தது வித்யா சாவதற்கு முந்தைய கோடையில். அந்த மழைக்காலத்தில் தெருவும் கால்வாயும் ஒரே தண்ணீராக இருந்த ஒரு சாயங்காலம் அவள் டியூஷன் விட்டு வந்தாள். உனக்கு அவளைவிட மூன்று வயது அதிகம். குடையை எடுத்துக்கொண்டு நீ எதிரே போயிருந்தாய். நீ வேறு தெருவழியாகப் போனாய், அவள் இந்தத் தெருவழியாக வந்தாள். அது உன் தப்பில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் அப்போதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கு அது தப்பாகத் தோன்றவே இல்லை, அதனால் சொல்லத் தோன்றவில்லை. பிள்ளை மனதில் அது கிடந்து உறுத்தும் என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் உன் அம்மா மறுபடி மனு எழுத உட்கார்ந்தாள். அதே கால்வாய், அதே மூடி. கீழே ஒரு வரி மட்டும் புதிது: இணைப்பு. அந்த அலுவலகம், மேலே இருக்கிற அலுவலகம், அதற்கும் மேலே இருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மனு, ஒவ்வொரு மனுவோடும் வித்யாவின் சான்றிதழ் நகல் ஒன்று, நாம் வைத்துக்கொள்ளும் ஆபீஸ் காப்பியோடும் ஒன்று. பதில் வராவிட்டால் மறுபடியும். எத்தனை வருஷம் அது நடந்தது என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஏனென்றால் ஜெராக்ஸ் எடுக்க ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷன் ரோடுக்குப் போனது நீ. அம்மா எழுதுவாள், அவளுக்குக் கை ஒழியாது. என்னைத்தான் போகச் சொல்வாள். "பிரபு, போய்ட்டு வந்துடுடா" என்று உன்னை அனுப்பியது நான். ஷிஃப்ட்டுக்கு நேரமாகிறது என்பேன். ஷிஃப்ட் இல்லாத நாளிலும் அப்படித்தான் சொன்னேன். அந்தக் காகிதத்தை என்னால் கையில் வாங்க முடியவில்லை. சைக்கிள் எடுத்துக்கொண்டு நீ போவாய். உன்னால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் நீ அந்தக் கட்டை அம்மாவின் முன்னால் வீசினாய். "வித்யாவ பின் குத்தி பின் குத்தி அனுப்பிக்கினே கீறீங்களே, உங்களுக்கு அவ பொண்ணா, அட்டாச்மெண்ட்டா?" என்று கேட்டாய். அம்மா தரையில் உட்கார்ந்தாள். கீழே சிதறியதைப் பொறுக்கி அடுக்கினாள். நீ ஹாஸ்டலுக்குப் போனாய், பிறகு வேலைக்குப் போனாய், பெங்களூருக்குப் போனாய். பொங்கலுக்கு வருவாய், தீபாவளிக்கு வருவாய், அம்மா கையால் சாப்பிடுவாய். ஆனால் நீ இந்த வீட்டுக்குள் முழுசாக வந்ததே இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஒருமுறை மட்டும் என்னிடம், "பிரபு எம்மேல கோவமாவே இருக்கட்டும். கோவம் இருந்தா தெம்பா இருப்பான்" என்றாள். இதென்ன பேச்சு என்று அப்போது எரிச்சல்பட்டேன்.

கடைசியில் கால்வாய்க்கு மூடி வந்தது. கைப்பிடிச் சுவரும் வந்தது. நீ கவனித்திருக்கிறாயோ என்னவோ, இப்போது அந்தப் பலகைகளின் மேல் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். புது ஃப்ளாட்டுகளுக்கு வந்தவர்கள் அதன்மேல் பைக் நிறுத்துகிறார்கள். ஒருநாள் ஒரு தம்பியிடம் இங்கே நிறுத்தாதே என்று சொன்னேன். "ஏன் அங்கிள், இது கார்ப்பரேஷன் இடம்தானே" என்றான். அவன்மேல் தப்பில்லை. அந்த மூடி எப்படி வந்தது என்று அவனுக்கு யார் சொல்வது? மழை பெய்து முளைத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நஸ்ரின் அந்த ஃபைலைக் கேட்பதற்குக் காரணமும் அதுதான். ஊரில் ஒவ்வொரு சுவருக்கும் அடியில் யாரோ ஒருத்தர் வீட்டுத் துக்கம் இருக்கிறது, அது எழுத்தில் எங்கேயாவது இருக்க வேண்டும் என்கிறாள். எனக்கு அந்தப் பெரிய பேச்செல்லாம் பாதிதான் பிடிபட்டது. அதற்காக நான் உனக்கு எழுதவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் இறப்புச் சான்றிதழ் வந்தது. பாங்குக்கு ஒன்று, கேஸ் சிலிண்டருக்கு ஒன்று, பென்ஷன் ஆபீஸுக்கு ஒன்று என்று நகல் கேட்டார்கள். அனுப்ப வீட்டில் ஆள் இல்லை. நானே ஸ்டேஷன் ரோடுக்குப் போனேன். அதே கடை, அதே ஆள், தலை மட்டும் நரைத்திருக்கிறது. "இன்னா சார், எத்தினி காப்பி?" என்று கேட்டார். சான்றிதழை நீட்டினேன், பிரபு. எத்தனை என்று நான் யோசிக்கவே இல்லை. மெஷினின் மூடிக்குக் கீழே வெளிச்சம் போய்ப் போய் வந்தது, ஒவ்வொரு தடவையும் அவள் பெயர் வெளியே வந்து விழுந்தது. அவர் பெயரைப் படித்துவிட்டு, "செக்ரட்டரி அம்மாவா... நல்ல மன்சு சார்" என்றார். நகல்களை அடுக்கிக்கொண்டே, "உங்க புள்ள எப்டி கீது? சின்னதுல அதானே வரும். பேப்பர குப்புற வெச்சிதான் சார் குடுக்கும். அண்ணா, நீங்களே திருப்பிக்கோங்க, நான் அந்தாண்ட நிக்கிறேன்னு சொல்லிட்டு ரோட்டப் பாத்துகினு நிக்கும்" என்றார்.

கடை வாசலிலேயே நான் அழுதேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பெண்டாட்டிக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான் உனக்காகத்தான் அழுதேன். ஒரு சிறுபிள்ளை தங்கையின் பெயரைப் பார்க்காமல் இருக்க ஒரு வழியைத் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்திருக்கிறது, அது தகப்பனுக்குத் தெரிய இத்தனை காலம் ஆயிருக்கிறது. நீயும் இப்போது ஒரு பிள்ளைக்குத் தகப்பன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றே ஒன்றுதான். பிள்ளையை ஒரு வேலைக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்த வேலையை ஒருமுறை நீ போய்ச் செய்துவிட்டு வா.

மறுநாள் வித்யாவின் நகல்களை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். கொடுப்பதற்கு இல்லை, அம்மா வைத்திருந்த இடத்தில் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரே தாளுக்குப் பல நகல் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தவர்களிடமே திருப்பித் தந்துவிடுவார்கள். இடம் போதாது. இதற்கும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்து, மீதியை நான் என்ன செய்வது என்ற கவலையோடுதான் போனேன். எடைக்குப் போட முடியுமா, எரிக்க முடியுமா? நஸ்ரின் ஒவ்வொரு நகலாக எடுத்து, பின் துருவைப் பார்த்து, மனுவின்மேல் வைத்துக்கொண்டே வந்தாள். வழக்கம்போலப் பின்பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஏனென்றால் அம்மாவின் காகிதத்தில் பின்பக்கத்தில்தான் பாதி சரித்திரம் இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து நிறுத்திவிட்டாள். "சார், ஒண்ணு கவனிச்சீங்களா? இந்த ஃபைல்ல மனுவுக்குப் பின்னாடி மளிகைக் கணக்கு இருக்கு. ஆபீஸ்லேர்ந்து வந்த பதிலுக்குப் பின்னாடி கோலம் இருக்கு. இந்த நகல் எதுலயுமே பின்னாடி ஒரு எழுத்து இல்ல சார்."

ஒவ்வொன்றாக நானும் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை, ஒரு கூட்டல் இல்லை. கல்யாணப் பத்திரிகையின் பின்னால் வெங்காயக் கணக்கு எழுதியவள், என் பிராவிடண்ட் ஃபண்டை விட்டுவைக்காதவள், இத்தனை வருஷம் இத்தனை தாள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தும் ஒன்றில்கூடப் பேனாவை வைக்கவில்லை. ஏன் என்று நான் அவளைக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மனுவுக்குப் பின்னால் அவள் குடும்பம் நடத்தினாள், சமையல் செய்தாள், உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். வித்யாவின் பின்னால் மட்டும் அவளால் எதையும் எழுத முடியவில்லை. பொண்ணா, அட்டாச்மெண்ட்டா என்று நீ கேட்டதற்கு அவள் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நாம் நம்பியிருப்போமோ என்னவோ.

இதையெல்லாம் ஒரே நகல் என்று கழிக்க முடியாது, எல்லாவற்றையும் அப்படியே வைக்க வேண்டும் என்கிறாள் நஸ்ரின். வைப்பதும் வேண்டாமென்பதும் உன் இஷ்டம். அந்தப் படிவத்தில் வாரிசுகள் என்ற இடத்தில் என் கையெழுத்துக்குக் கீழே உன் பெயர் இருக்கிறது. அதற்கும் கீழே, எப்போது மற்றவர்கள் பார்க்கலாம் என்று ஒரு கட்டம் உண்டு. இப்போதே என்று எழுதலாம், இத்தனை வருஷம் கழித்து என்று எழுதலாம், நம் காலத்துக்குப் பிறகு என்றும் எழுதலாம். அதுவரை மூடி, முத்திரை வைத்து வைத்திருப்பார்கள். அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டிருக்கிறேன். கையெழுத்தே போட மாட்டேன் என்றாலும் எனக்கு வருத்தமில்லை. நகல்கள் இப்போது என் பீரோவில், அம்மாவின் புடவைக்கு மேலே இருக்கின்றன. ஒருமுறை வந்து அவற்றின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய். முன்பக்கம் நீ பார்க்க வேண்டாம். அந்த வேலையை நான் செய்கிறேன். எல்லாவற்றையும் குப்புறவே அடுக்கி வைத்திருக்கிறேன்.

இனி இந்த வீட்டிலிருந்து எந்தக் காகிதத்துக்கும் உன்னை நகல் எடுக்க அனுப்ப மாட்டேன். எல்லாவற்றுக்கும் நானே போய்க்கொள்கிறேன், கால் நன்றாகத்தான் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு சான்றிதழ் பாக்கியிருக்கிறது. அதற்கு மட்டும் என்னால் போக முடியாது கண்ணா, நீதான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அப்பா